ஊசி போட்டால் பட்டினி முறியாது

கொர்னேலியஸ் தன் ஆயுசில் கள்ளையோ சாராயத்தையோ தொட்டவரில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மைசூரில் அந்த மாதா கோவில் பக்கம் போய் அவர் பெயரைச் சொன்னால், "யாரு, ஆர்மோனியக்காரரா, குடிச்சே மூளை கெட்டுப்போனாரே" என்று வாய் கூசாமல் சொல்கிறவர்கள் இருந்தார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியும். தெரிந்தும் சொன்னார்கள், ஏனென்றால் குடித்துக் கெட்டான் என்று சொல்லிவிட்டால் மற்ற யாருக்கும் அதில் பங்கில்லாமல் போய்விடுகிறது.

அவர் மைசூர் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் குமாஸ்தா. நஞ்சன்கூடு, அரசிக்கெரே, பெங்களூர், அதற்கு அப்பால் மதராஸ் வரைக்கும் எந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலும் புத்தகத்தைப் புரட்டாமல் கட்டணத்தைச் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பெரிய பூசைக்கு ஆர்மோனியம் வாசித்துப் பாட்டை நடத்துவதும் அவர்தான். லத்தீன் பாட்டு முழுக்க மனப்பாடம். அர்த்தம் தெரியுமா என்று கேட்டால் சிரித்துவிட்டு, "ஆண்டவருக்குத் தெரியும், சாக்கு" என்பார். போதும் என்பதற்குக் கன்னடத்தில் சாக்கு. தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் முடிப்பது மைசூர்க்காரர்களின் வழக்கம்.

ரோசலின் ஹனூர்ப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி மைசூருக்கு வந்தபோது, அவள் ‘ங்க’ போட்டு இழுக்கும் பேச்சைக் கேட்டுக் கோவில் பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அவளுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். கறிக்கடைக்காரன் எலும்பைச் சேர்த்து நிறுத்தால் கடையிலேயே நின்று சண்டை போடுவாள். அந்தக் கோபத்தைக் கொர்னேலியஸ் ரசித்தார். "வீட்டுக்கு ஒரு ஆள் கத்தினா போதும்" என்று சொல்லிவிட்டு ஆர்மோனியத்தைத் துடைக்கப் போய்விடுவார்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் கழித்து அவர் உடம்பு இளைக்கத் தொடங்கியது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார். சட்டை தோளில் தொங்கியது. டாக்டர் இராமச்சந்திரனிடம் காட்டியதில் சர்க்கரை வியாதி, அதுவும் ஊசி போட்டால்தான் உயிர் தங்கும் வகை என்றார். மருந்துக் குப்பியை ஈர மணல் போட்ட சட்டியில் புதைத்துவைத்தார்கள். தினமும் காலையில் கண்ணாடிக் குழலையும் ஊசியையும் வெந்நீரில் கொதிக்கவைத்து, பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்துத் தொடையைத் துடைத்து, அவரே குத்திக்கொள்வார். ஊசி போட்டால் அரைமணிக்குள் சாப்பிட்டாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். உப்புமா தட்டில் ஆறிக்கொண்டிருக்கும்போதே ஊசி நடக்கும். ரோசலினுக்கு அந்த ஸ்பிரிட் வாடை வீட்டு வாடையாகவே ஆகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் கேள்வி வந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அப்போதெல்லாம் பூசையில் நன்மை என்கிற அப்பத்தை வாங்குகிறவர்கள் நடுராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படவிடக் கூடாது. பல் தேய்க்கும்போது ஒரு சொட்டு தொண்டைக்குள் இறங்கிவிட்டதே என்று அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்பிய பெண்கள் உண்டு. கொர்னேலியஸ் போய்ப் பங்குச் சாமியாரைக் கேட்டார். சாமியார் நல்லவர்தான். யோசித்து, மருந்து வாய் வழியாகப் போகவில்லையே, ஊசி போட்டால் பட்டினி முறியாது என்று சொன்னார்.

கொர்னேலியஸ் சந்தோஷமாக வீட்டுக்கு வந்தார். சாமியார் சொன்னதில் தப்பில்லை. டாக்டர் சொன்னதிலும் தப்பில்லை. ஊசியால் பட்டினி முறிகிறதா என்று சாமியாரிடம் கேட்டவர், பட்டினியில் ஊசி போடலாமா என்று டாக்டரிடம் கேட்கவில்லை. நல்ல சேதியைக் கையில் வாங்கிக்கொண்டு இன்னொரு இடத்தில் போய் அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்குத்தான் மனசு வரும்.

பெரிய பூசை காலை எட்டரைக்கு. பிரசங்கம் நீண்டால் பத்தரை ஆகும். முதல் சில வாரம் கை லேசாக நடுங்கியது, அவ்வளவுதான். அப்புறம் ஒரு ஞாயிறு பாட்டின் நடுவில் அதே வரியை மூன்று தடவை பாடினார். இன்னொரு ஞாயிறு, பூசையில் உதவும் பீடத்துப் பிள்ளையை எல்லோர் முன்னாலும் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். ஒருநாள் பூசை முடிந்து படியிறங்கும்போது சம்பந்தமில்லாமல் சிரித்துக்கொண்டு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்தார். அவர் பக்கத்தில் போனவர்களுக்கு ஸ்பிரிட் வாடை அடித்தது.

அவ்வளவு போதாதா. சனிக்கிழமை ராத்திரி குடிக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். முதலில் சொன்னது பர்னபாஸ். அவர் உபதேசியார், பங்கில் ஞானப்பாடம் சொல்லித் தருகிறவர், சாமியாருக்கு வலதுகை. கல்யாணம், கருமாதி, எதில் எது செய்யலாம், எது கூடாது என்பதற்கு அவர் வாக்குதான் வாக்கு. கொர்னேலியஸுக்கு அவரிடம் அப்படியொரு மரியாதை. பர்னபாஸ் வீட்டுக்கே வந்து ரோசலினிடம் குரலைத் தாழ்த்தி, "என்னம்மா, வீட்டில கஷ்டமா? அவரு எங்க போய்க் குடிக்கிறாருன்னு பார்த்து வை" என்றார்.

"எங்கூட்டுக்காரர் வாயில அந்தச் சனியன் பட்டதே இல்லீங்க" என்றாள் ரோசலின்.

"எல்லா வீட்டிலயும் அப்படித்தான் சொல்றாங்க" என்று இரக்கத்தோடு தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த இரக்கத்துக்காகவே அவரை அறையலாம் போல அவளுக்கு இருந்தது.

ஆனால் கோபத்துக்கு நடுவில் அவளுக்கு ஒன்று உறைத்தது. கிழமை நாளில் ஆபீசில் ஒரு பிசகும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஏன்? சட்டியில் குப்பியைப் புதைக்கும்போதெல்லாம் இதையே நினைத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் அவருக்குச் சொல்லாமல் டாக்டரைப் பார்க்கப் போனாள்.

டாக்டர் இராமச்சந்திரன் முழுதையும் கேட்டார். "ஞாயித்துக்கிழமை காலையில என்னம்மா சாப்பிடுறார்?"

"ஒண்ணுமில்லீங்க. பூசை முடியற மட்டும் தண்ணிகூட இல்லீங்க."

"ஊசி?"

"அது போட்டுக்கறாருங்க. ஊசி போட்டா பட்டினி முறியாதாமுங்க."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அந்த மாதிரி ஒரு பட்டினி உண்டு என்பதே அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "கேளும்மா. மூளைக்குச் சாப்பாடு சர்க்கரைதான். கை, கால், ஈரல் எல்லாம் கொஞ்சம் மிச்சம் பிடிச்சு வச்சுக்கும். மூளை வச்சுக்காது. ரத்தத்தில் வர்றதை அப்பப்போ எடுத்துக்கணும். அந்த ஊசி ரத்தத்துச் சர்க்கரையை இறக்கிடும். மேல சாப்பாடு போகலைன்னா மூளை பட்டினி. முதல்ல வேர்க்கும், நடுங்கும். அப்புறம் உளறுவார், கோபம் வரும், நடை தள்ளும். பார்க்கிறதுக்குக் குடிச்ச மாதிரியே இருக்கும். உடனே வெல்லமோ சர்க்கரையோ வாயில் போட்டா பத்து நிமிஷத்தில் மனுஷன் திரும்பிடுவார். விட்டுட்டா வலிப்பு வரும், நினைவு போகும். ரொம்ப நேரம் விட்டா மூளையில் செத்த இடம் செத்ததுதான்."

அன்றிலிருந்து ரோசலின் முந்தானையில் ஒரு வெல்லக்கட்டியை முடிந்துகொண்டாள். வீட்டில் பெரிய சண்டை நடந்தது. நன்மைக்கு முன்னால் சாப்பிட மாட்டேன் என்று கொர்னேலியஸ் பிடிவாதமாக நின்றார். கடைசியில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊசியைப் பூசைக்கு அப்புறம் போட்டுக்கொள்வது என்று உடன்பாடு ஆயிற்று. மகள் ஜேன் தலையில் அடித்துச் சத்தியம்கூடச் செய்தார். நாலைந்து மாதம் எந்தப் பிசகும் இல்லாமல் போயிற்று. குடியை விட்டுவிட்டார் என்று ஊர் பாராட்டியது.

ஐம்பத்திரண்டில் பங்குத் திருவிழாவுக்கு பிஷப், அவர்கள் பேச்சில் மேற்றிராணியார், வருவதாக இருந்தது. ஒன்பது மணிக்குப் பாட்டுப் பூசை, அது முடிந்து புனிதரின் சுருபத்தைத் தூக்கித் தெருவெல்லாம் பவனி. கொர்னேலியஸ் இரண்டு மாதம் பாட்டுக்காரர்களைப் பழக்கியிருந்தார். ஊசி போடாத காலையில் அவருக்கு நாக்கு வறளும், அடிக்கடி ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும். மேற்றிராணியார் முன்னால் தொண்டை கட்டிக்கொண்டால், நடுப்பூசையில் எழுந்து போனால் என்ன மரியாதை? ரோசலின் குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்து ஊசியைக் குத்திக்கொண்டு, குப்பியைப் பழையபடி மணலில் புதைத்துவைத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். அந்த ஒரு காரியத்துக்காக அவள் அவரை மன்னித்ததும் இல்லை, திட்டியதும் இல்லை. திட்டினால் புரிந்துகொள்ள அதற்குப் பிறகு ஆள் இல்லை.

விசுவாசப் பிரமாணம் பாடும்போது ஆர்மோனியம் நின்றது. பெண்கள் பக்கத்திலிருந்து ரோசலின் எட்டிப் பார்த்தாள். கொர்னேலியஸ் எழுந்து நின்று ஊர்ப் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். நஞ்சன்கூடு, சாமராஜநகர், மத்தூர், மண்டியா. பர்னபாஸ் அவர் கையைப் பிடித்தார். கொர்னேலியஸ் அவரைக் கன்னத்தில் அறைந்தார். கோவில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. பர்னபாஸும் இன்னும் இரண்டு பேரும் அவர் அக்குளில் கைகொடுத்து இழுத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

அவர்கள் பெண்கள் பக்கமாகக் கடந்தபோது ரோசலினுக்கு அந்த வாடை அடித்தது. ஸ்பிரிட். மூக்கைச் சுளித்த மற்ற எல்லோருக்கும் அது குடி என்று சொன்னது. அவளுக்கு ஊசி என்று சொன்னது. முட்டிபோட்டிருந்தவர்களைத் தாண்டிக்கொண்டு ஓடினாள்.

அதற்குள் அவரை மணிக்கூண்டுக்கு அடியில் இருந்த அறையில் தள்ளிப் பூட்டிவிட்டார்கள். உடைந்த பெஞ்சுகள் போட்டுவைக்கும் அறை. பர்னபாஸ் சாவியை ஜிப்பாப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"கதவைத் தொறங்க. அவருக்குச் சக்கரை எறங்கிப்போச்சு. இந்த வெல்லத்தை வாயில போட்டாப் போதும், செத்த நேரத்தில சரியாயிருவாருங்க." முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள்.

பர்னபாஸ் கன்னத்தைத் தடவிக்கொண்டே அந்த வெல்லக்கட்டியைப் பார்த்தார். "சக்கரை வியாதிக்காரனுக்கு வெல்லமா? கொல்லப் பார்க்கிறியா? போய் உட்காரும்மா. தெளியட்டும், பவனி முடிஞ்சதும் நானே திறந்து விடுறேன். மேற்றிராணியார் முன்னாடி இன்னும் அசிங்கம் பண்ணாதே."

"டாக்டரே சொன்னாருங்க."

"டாக்டருக்குக் குடிகாரனைப் பத்தி என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். பூசை தொடர்ந்தது. ஆர்மோனியம் இல்லாமலே பாடினார்கள்.

அவள் கதவைத் தட்டினாள். உள்ளேயிருந்து முதலில் ஏதோ முணுமுணுப்பு கேட்டது. சந்து வழியாக வெல்லத்தைத் தள்ளப் பார்த்தாள். கதவுக்கும் தரைக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. பொடித்துத் தள்ளினாள். "ஏனுங்க, நக்கிக்கங்க, கீழ பாருங்க" என்று கத்தினாள். முணுமுணுப்பு நின்றது. அப்புறம் பெஞ்சில் காலோ தலையோ மோதிக்கொள்கிற சத்தம் விடாமல் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

பூசை முடிந்து பவனி புறப்பட்டது. தோரணமும் பாட்டுமாகக் கூட்டம் அவளைக் கடந்து வாசலுக்கு வெளியே போனது. கூட்டத்துக்குள் புகுந்து பர்னபாஸின் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பெண்கள் அவளைத் தோளில் கைபோட்டு ஒதுக்கினார்கள். பாவம் என்று சொல்லிக்கொண்டே ஒதுக்கினார்கள். அவளுக்குத் தெரிந்த முகங்கள், அவள் கையால் சாப்பிட்ட முகங்கள். ஒருத்தியாவது நின்று என்னவென்று கேட்கவில்லை.

வாசலில் ஜட்கா வண்டிக்காரர் ஆறுமுகசாமி நின்றிருந்தார். அவருக்கு மேற்றிராணியாரும் தெரியாது, பட்டினி விதியும் தெரியாது. ஒரு பெண் தலைவிரிகோலமாக வந்து புருஷன் உள்ளே சாகிறான் என்கிறாள், அது போதும். வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை எடுத்துவந்து தாழ்ப்பாளை நெம்பி எறிந்தார். கொர்னேலியஸ் நனைந்த துணியாகக் கிடந்தார். வாயில் நுரை. வெல்லத்தூள் கதவோரம் அப்படியே இருந்தது.

ஆஸ்பத்திரியில் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் திரும்புகிற மனிதர் அன்றைக்குத் திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை. கண் விழித்தபோது ரோசலினைத் தெரிந்தது. கல்யாணமான புதிதில் போலச் சிரித்தார். கட்டில் ஓரத்தில் நின்ற பத்து வயது ஜேனைப் பார்த்து, "யாரு வீட்டுப் பாப்பா?" என்றார். டாக்டர் இராமச்சந்திரன் ரோசலினை வெளியே அழைத்துப்போய், சீக்கிரம் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று கேட்டார். அவள் சுவரில் கைமுட்டியால் ஓங்கிக் குத்தினாள். அந்தத் தழும்பு அவள் கையில் கடைசிவரை இருந்தது.

அதன்பிறகு கொர்னேலியஸுக்குப் பழசு நின்றது, புதுசு நிற்கவில்லை. ரயில் கட்டணம் சொல்வார், அது பத்து வருஷத்துக்கு முந்தின கட்டணமாக இருக்கும். லத்தீன் பாட்டு ஒரு சொல் பிசகாமல் வரும். காலையில் சாப்பிட்டது மத்தியானத்துக்குள் மறந்துபோகும். ஜேன் தன் மகள் என்பதை ஒவ்வொரு நாளும் அவருக்குச் சொல்ல வேண்டும். ரயில்வே அவரை வீட்டுக்கு அனுப்பியது. ரோசலின் தையல் வேலை எடுத்தாள்.

மறுவருஷம் தவக்காலத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, ரோமாபுரியிலிருந்து வந்த புது விதியைப் பர்னபாஸ் கோவிலில் தமிழில் வாசித்தார். இனித் தண்ணீர் குடித்தால் பட்டினி முறியாது. நோயாளிகள் சாமியார் அனுமதியோடு பாலோ காபியோ குடித்துவிட்டு நன்மை வாங்கலாம். அறிவிப்பு வாசித்து முடிக்கிற நேரத்துக்குள் ஒரு அடுப்பில் பால்கூடப் பொங்காது. அவ்வளவுதான் விஷயம். அவ்வளவு லேசாக எடுத்துவிடக்கூடிய ஒன்றுக்காகத்தான் ஒரு மனுஷனுடைய மூளை போயிற்று. சுற்றிலும் பெண்கள் நல்லதாய்ப் போச்சு, தலைவலிக்காது என்று கிசுகிசுத்தார்கள். ரோசலினுக்கு அங்கேயே பெஞ்சைத் தூக்கி அடிக்க வேண்டும் போல இருந்தது.

சாமியார் கொர்னேலியஸுக்கு உடனே அனுமதி கொடுத்தார். அவர் முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் தரையைப் பார்த்துக்கொண்டே கொடுத்தார். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தது, கொர்னேலியஸ் காபி டம்ளரைத் தள்ளிவிட்டார். "பைத்தியமா ரோசலின்? நன்மை எடுக்கணும், காபி வேண்டாம், பேடா." புது விதியைச் சொன்னாள். நம்பவில்லை. "நீ சொன்னா ஆச்சா? உபதேசியார் சொல்லட்டும்" என்றார்.

ரோசலின் செருப்பைப் போட்டுக்கொண்டு நேராகப் பர்னபாஸ் வீட்டுக்குப் போனாள். அவர் வேஷ்டியை மடித்துக்கட்டிக்கொண்டு கிளம்பத் தயாராக நின்றார். "வாங்க" என்றாள். ஏன் என்று அவர் கேட்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கூடவே வந்தார்.

"கொர்னேலியஸ், இனிமே குடிக்கலாமாம். ரோமையிலிருந்து உத்தரவு வந்திருக்கு."

கொர்னேலியஸ் முகம் மலர்ந்தது. "நெஜமாவா? என்ன நல்ல சேதி சொன்னீங்க. நமக்காகவே போட்ட மாதிரி இருக்கே." டம்ளரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அதற்கு அப்புறம்தான் ரோசலின் தன் கையால் ஊசியைப் போட்டாள்.

அடுத்த ஞாயிறு மறுபடி டம்ளரைத் தள்ளினார். அவருக்கு அது ஞாபகத்தில் தங்கவில்லை. மறுபடி போய்ப் பர்னபாஸைக் கூட்டிவந்தாள். அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. பர்னபாஸ் வருவார், நின்றுகொண்டே சொல்வார், அவளும் உட்காரச் சொல்ல மாட்டாள். கொர்னேலியஸ் ஒவ்வொரு தடவையும் முதல்முறை கேட்கிறவராகச் சந்தோஷப்பட்டு, அவர் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார். பர்னபாஸ் அந்த நன்றியை வாங்கிக்கொண்டு போவார்.

ஒரு ஞாயிறு மழை. முழங்கால்வரை நனைந்து வந்திருந்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டுக் கதவோரம் தயங்கி நின்றார். உள்ளே கொர்னேலியஸ் காபி குடித்தபடி ஏதோ பாட்டை முனகிக்கொண்டிருந்தார்.

"ரோசலின், எனக்கும் வயசாகுது. இன்னும் எத்தனை நாளைக்கும்மா இப்படி?"

அவள் ஊசியைக் கொதிநீரிலிருந்து இடுக்கியால் எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவருக்கு ஞாபகத்தில தங்கற மட்டும் வாங்க. எந்த ஞாயித்துக்கிழமை, ஏற்கனவே சொன்னீங்களேன்னு அவரு சொல்றாரோ, அன்னிக்கு நின்னுக்கலாம்."

பர்னபாஸ் குடையை விரித்துக்கொண்டு இறங்கினார். அடுத்த ஞாயிறும் வந்தார்.